கீழ்வீடு, மேல்வீடு

எங்கள் பாட்டைக் கேட்பவர்களில் பாதிப் பேர் நாங்கள் ஒருத்தி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பாதிக்கு நாங்கள் அக்கா தங்கை என்று தெரியும், ஆனால் எந்த இடத்தில் யார் என்று தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தணிந்த, கனமான இடமெல்லாம் நான். மேலே மிதக்கிற இடமெல்லாம் என் தங்கை. மேல் சட்ஜத்துக்கு ஒரு படி கீழே நிஷாதம் என்று ஒரு சுரம் இருக்கிறது. ஏறும்போது அங்கே நான் விடுவேன், அவள் எடுத்துக்கொள்வாள். இறங்கும்போது அதே இடத்தில் அவள் விடுவாள், நான் எடுத்துக்கொள்வேன்.

ஸ்டூடியோவில் இருவருக்கும் ஒரே மைக். பாடுகிறவள் அரை அடி முன்னால், சும்மா இருப்பவள் அரை அடி பின்னால். இப்படி முன்னும் பின்னும் போய்வந்ததில் மைக்குக்குக் கீழே விரித்த கம்பளம் இரண்டு இடத்தில் தேய்ந்து நூல் தெரிகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளரை நாங்கள் காது என்போம். ஈ தும்மினால்கூட அவருக்குக் கேட்கும். அவர் பதிலுக்கு எங்களைக் கீழ்வீடு, மேல்வீடு என்பார். "கீழ்வீட்டம்மா வயிறு பேசுது, ஏதாவது சாப்பிட்டு வாங்க" என்று ஸ்பீக்கரில் சொல்லி மானத்தை வாங்குவார்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், சின்ன வயதில் ஒரு மாலை வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் என்னைப் பாடச் சொன்னார்கள். எனக்கு அப்போதே பெரிய குரல். நெஞ்சில் கை வைத்தால் அதிர்வது தெரியும். அந்தக் கனத்தை அப்படியே தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். நிஷாதத்தைத் தாண்டியதும் குரல் பட்டென்று உடைந்து கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். காய்ச்சல் என்று உள்ளறையில் படுக்க வைத்திருந்த என் தங்கை, படுத்த இடத்திலிருந்தே மீதி வரியைப் பாடி முடித்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் நிஷாதத்தைத் தாண்டி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாண்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

என்னைப் போன்ற கனத்த குரல்காரிகள் செய்கிற தப்பு இது. நெஞ்சுக் குரலையே பிடித்துக்கொண்டு கத்தினால் இன்னும் இரண்டு சுரம் ஏறலாம். ஆனால் அதற்குப் பெயர் பாட்டு இல்லை, குழாயடிச் சண்டை. குரலை மெலிய விட்டு ஏறினாலோ, கள்ளக்குரல் என்று மூக்கைச் சுளிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்று தெரியும். அது என் தங்கைக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். மத்தியானம் கண் அசந்தாலே வந்துவிடும். இரண்டு மாடி வீடு. கீழே நான் இருக்கிறேன். தரை குளிர்ச்சியாக இருக்கிறது, ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை போட்டிருக்கிறது, எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் மெதுவாக அசைகிறது. மேலே என் தங்கை நடக்கும் சத்தம் கேட்கிறது. அவள் எங்கே நிற்கிறாள், எந்த ஜன்னலைத் திறக்கிறாள் என்பதுவரை எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்த வீட்டில் படிக்கட்டு கிடையாது. அது ஒரு குறையாகக் கனவில் எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு என் தங்கையின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். பேச்சும் வந்தது, கொஞ்சம் கம்மலாக. பத்தியமெல்லாம் முடிந்து அவள் பாட வாயைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நிஷாதத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. வெறும் காற்று வந்தது.

குரல் நாணை இழுத்து முறுக்குகிற நரம்பு ஒன்று உண்டாம், தலைமயிர் கனம்தானாம், அது அசந்துபோய்க் கிடக்கிறதாம். விழித்துக்கொள்ளலாம், விழிக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். என் தங்கைதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கட்டி போச்சு, கூடவே மாடியும் போச்சு. விடுக்கா" என்றாள் ஆட்டோவில். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் கணவர் வெளியூர் வேலையில் இருந்ததால், தேறும் வரை என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கூட்டிவந்துவிட்டேன். டாக்டர் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு ஸ்ட்ராவை வைத்து, அதன் வழியாக ஊ என்று முனகிக்கொண்டே ஊத வேண்டும். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, குமிழ் அறுந்துபோகாமல்.

"எருமை தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கு. தனியா பண்ண மாட்டேன், போ" என்றாள்.

"சரி, ரெண்டு எருமையா பண்ணலாம்" என்று நானும் ஒரு டம்ளரை எடுத்து வைத்தேன்.

மத்தியான வேளைகளில் சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்துகொள்வோம். ஜன்னல் வழியாக வரும் வெயில் டம்ளர்களில் விழும். நாங்கள் ஊத ஊத, மேலே கூரையில் இரண்டு வெளிச்சத் திட்டுகள் நடுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே முனகினால் தூக்கமும் விழிப்பும் இல்லாத ஒரு நிலை வரும். வீட்டில் குமிழ்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அவளுடைய குமிழ் நிஷாதம்வரை வரும், பிறகு ஒழுங்கு தவறிக் கொதிக்கும், பிறகு நின்றுவிடும். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். மறுபடி ஆரம்பிப்பாள்.

அப்படி ஒரு மத்தியானம், கூரையைப் பார்த்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் முனகிக்கொண்டிருந்த நான் நிஷாதத்தைத் தாண்டிவிட்டேன்.

எங்கே தாண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. நெஞ்சில் இருந்த அதிர்வு மூக்குக்குப் பின்னால் வந்தது, அங்கிருந்து நெற்றிக்குப் போனது. குமிழ் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. மேல் சட்ஜம், அதற்கு மேலே ரிஷபம். சத்தம் சின்னதுதான், ஆனால் உடையவில்லை. அவளுக்கென்று கொடுத்த மருந்து எனக்கு வேலை செய்துவிட்டது. எனக்குப் பகீரென்றது. சட்டென்று நிறுத்தி, புரையேறியதுபோல் இருமினேன்.

அவள் எழுந்துவந்து என் உச்சந்தலையில் தட்டினாள். "யாரோ நினைக்கிறாங்க போல" என்றாள்.

அன்றிலிருந்து அவள் எதிரில் நிஷாதத்தோடு நிறுத்திக்கொண்டேன். காரணம் எளிது. கீழேயும் மேலேயும் நான் ஒருத்தியே பாடிவிட்டால் என் தங்கைக்கு எங்கே இடம்? அவள் குரல் திரும்பும் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். நானே மேலே ஏறிவிட்டால் அந்த நம்பிக்கையின் கழுத்தை நானே நெரித்ததாக ஆகும்.

ஆனால் ஆசை யாரை விட்டது? அவள் மத்தியானம் படுத்த பிறகு, என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, பீரோவைத் திறந்து, தொங்குகிற துணிகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடிப் பார்ப்பேன். ஸ்ட்ரா இல்லாமல், வாயைத் திறந்து. அங்கே பழைய கோழிக்குஞ்சு காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உடைந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்தால் என்மேலேயே எரிச்சலாகவும் வந்தது.

இந்த நேரத்தில்தான் இசையமைப்பாளர் வீட்டுக்கு வந்தார். ஒரு படத்துக்கான பாட்டு, ஆபரேஷனுக்கு முன்பே எங்களுக்காகப் போட்டு வைத்தது. படத்தில் ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டில் ஜன்னலைத் திறக்கிறாள், அவ்வளவுதான். 'ஜன்னல் திறந்திருக்கு, காற்று வந்து போகட்டும்' என்ற ஒரு வரி அடி ஆழத்தில் தொடங்கி, 'காற்று'வில் ஏறி, 'வந்து'வில் உச்சியில் நின்று, 'போகட்டும்' என்று மறுபடி ஆழத்துக்கு இறங்க வேண்டும். ஒருத்தி பாடுகிற மாதிரி கேட்க வேண்டும். எங்களைத் தவிர யாருக்கும் இது சரிவராது என்று நினைத்தவர், இப்போது என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"நீங்களே முழுசாப் பாடிப் பாருங்களேன்" என்றார்.

"பாதி தர்றேன். மீதியை அவ வந்து பாடுவா. அதுவரைக்கும் எடுத்து வைங்க."

"நான் எடுத்து வைப்பேம்மா. படம் காத்திருக்குமா? வர்ற வாரம் ஸ்டூடியோ போட்டிருக்கு. அன்னைக்கு முழுசா வரலேன்னா வேற குரலைத்தான் பார்க்கணும். எனக்கும் மனசில்ல, என்ன பண்றது?"

பாதி என்று நான் பிடித்த பிடியில் நின்றேன். அவர் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். என் தங்கை அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோவுக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஒலிப்பதிவு அன்று காலை ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் அவள் நேராகப் போய்த் தன் இடத்தில், கம்பளம் தேய்ந்த அந்த இரண்டாவது இடத்தில், நின்றுகொண்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பழக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்து நான் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதும் இசையமைப்பாளரும் இருந்தார்கள். சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற பஞ்சு மெத்தைகள் வெளியுலகச் சத்தத்தை முழுசாக விழுங்கிவிட்டன. சுருதி மட்டும் ஹெட்போனில் ரீங்கரித்தது. கண்ணை மூடினால் அது என் கனவு வீட்டின் கீழ்த்தளம்தான்.

பாடினேன். 'ஜன்னல் திறந்திருக்கு' என்று நெஞ்சு நிறைய ஆரம்பித்து, 'காற்று' என்று ஏறி, நிஷாதம் வந்ததும் அரை அடி பின்னால் போனேன்.

அவள் அரை அடி முன்னால் வந்தாள். மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்து பாடினாள்.

காற்றுதான் வந்தது. சுரம் இல்லாத, சொரசொரப்பான காற்று. நடுவில் எங்கோ ஒரு துளி குரல் வந்து அணைந்தது. அவள் பாதியில் விடவில்லை. அந்த வெறும் காற்றிலேயே 'வந்து'வை உச்சிவரை கொண்டுபோய் முடித்துவிட்டுத்தான் நின்றாள்.

"கேட்டியாக்கா?" என்றாள் மைக்கிலேயே. "இதுக்காகத்தான் நீ பாதிப் பாட்டை மூடி வெச்சுட்டு உக்காந்திருக்க."

"அது திரும்பி வரும்."

"வந்தா வரட்டும், வேண்டாம்னா சொல்றேன்? அதுவரைக்கும் நீ வாசல்லயே நிக்கப் போறியா?"

"எனக்கு மேல போக வராதுடி."

"பொய் சொல்லாத. ஸ்ட்ராவுல போன. புரையேறின மாதிரி இருமின. அதுக்கப்புறம் தினமும் நிஷாதத்துல அழகா நிறுத்தின. முடியாதவ முட்டிக்கிட்டுதான் நிப்பா. நீ முட்டுறதுக்கு முன்னாடியே பூ மாதிரி நிக்கிற. எனக்குத் தொண்டைதான்கா கெட்டுப்போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. பீரோவுக்குள்ள தலையை விட்டுட்டா எனக்குக் கேக்காதா? அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தானே என் கட்டில்?"

ஸ்பீக்கரில் காது சிரிப்பை இருமலாக மாற்றும் சத்தம் கேட்டது. எனக்கு முகம் எரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

"உனக்குக் கோபம் வரலையா?" என்றேன்.

"வந்துச்சு. நீ ஏறினதுக்கில்ல. எனக்குப் பயந்து இறங்கினியே, அதுக்கு."

"நானே ஏறிட்டா நீ எங்கடி நிப்ப?" கேட்டே விட்டேன். இத்தனை நாள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது, பொலபொலவென்று கண்ணீரோடு வந்தது.

அவள் தன் துப்பட்டா நுனியால் என் முகத்தைத் துடைத்தாள். "அது என் கவலை. முதல்ல நீ ஏறு" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உன்கிட்ட இருந்து நான் எப்படி வாங்குவேன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"நிஷாதத்துல வாங்குவ."

"இல்ல. அதுக்கு ரெண்டு படி கீழ, பஞ்சமத்துலயே ஆரம்பிச்சிருவேன். நீ பாடிட்டு இருக்கும்போதே உன் முதுகுக்குப் பின்னால சத்தமில்லாம கூடவே முனகிட்டு வருவேன். மேல பாடுற மெல்லிசுக் குரலை அவ்வளவு கீழ கொண்டுவந்து வெச்சிருப்பேன். அதனாலதான் நிஷாதத்துல ஒட்டுத் தெரியாது. நீயா மேல வந்ததே இல்லக்கா. நான்தான் ஒவ்வொரு தடவையும் கீழ இறங்கி வந்து உன்னைக் கூட்டிட்டுப் போனேன்."

எத்தனை பாட்டு பாடியிருப்போம். பஞ்சமத்துப் பக்கம் என் காதருகே எப்போதும் ஒரு மூச்சு கேட்கும். தன் முறைக்குத் தயாராகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கனவில் மேலே கேட்ட நடையெல்லாம் இவள் என்னைத் தேடி இறங்கிவந்ததுதானா என்று இருந்தது.

"பீரோவுல நீ என்ன பண்ற? அந்த நெஞ்சுக் குரல் மூட்டையை நிஷாதம் வரைக்கும் தலைமேல சுமந்துட்டுப் போய், அங்க தொப்புனு போடுற" என்றாள். "பஞ்சமத்துலயே கொஞ்சம் கொஞ்சமா இறக்கி வைக்க ஆரம்பி. 'காற்று'ன்னு வாயைப் பிளக்காத. உதட்டுல ஸ்ட்ரா இருக்குன்னு நினைச்சுக்கோ. பஞ்சமத்துல நான் வந்துருவேன். என் மூச்சு கேட்டதும் சேர்ந்துக்கோ."

காது பதிவு விளக்கை எரியவிட்டார். மறுபடி பாடினேன்.

'ஜன்னல் திறந்திருக்கு.' நெஞ்சு அதிர்ந்தது. 'காற்று' என்று படி ஏறினேன். பஞ்சமம் வந்தது. என் காதருகே அந்த மூச்சு. அதன் ஓரத்தில், எனக்கு மட்டும் கேட்கிற அளவில், ஒரு முனகல். நான் மூட்டையைக் கொஞ்சம் இறக்கினேன். தைவதத்தில் இன்னும் கொஞ்சம். குரல் மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை. நிஷாதம் வந்தபோது என் கால் பழக்கத்தில் பின்னால் போகப் பார்த்தது. முதுகில் அவள் உள்ளங்கை இருந்தது. பின்னால் போக இடமில்லை.

மேலே இருந்தேன்.

வெளிச்சமாக இருந்தது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நெற்றிக்குள் யாரோ எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டதுபோல் இருந்தது. குரல் எனக்குச் சொந்தமில்லாததுபோல் லேசாக இருந்தது, ஆனால் நான்தான். 'வந்து' என்ற ஒரு சொல்லில் நின்றேன். இசையமைப்பாளர் போட்டிருந்த தாளத்தைத் தாண்டி நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கையைக் கீழே கீழே என்று காட்டுவது தெரிந்தது. எனக்கு இறங்க மனமில்லை. மனம் வந்தபோது வழி தெரியவில்லை. மேலிருந்து இறங்கி வருவது எப்போதும் அவள் வேலை, இறங்கும் வழியை நான் பழகியதே இல்லை. தட்டுத் தடுமாறி நிஷாதம்வரை வந்தேன். அதோடு மூச்சு தீர்ந்தது. பாட்டு அந்தரத்தில் நின்றது.

அப்போது என் தங்கை அரை அடி முன்னால் வந்தாள்.

'போகட்டும்' என்றாள். நிஷாதத்தில் என்னிடமிருந்து வாங்கி, படிப்படியாக இறங்கி, நான் எந்த ஆழத்தில் தொடங்கினேனோ அந்த ஆழத்துக்குப் போனாள். அவள் அங்கே பாடி நான் கேட்டதே இல்லை. கீழே எப்போதும் நான் இருந்தேனே, அவள் எப்படி வருவாள்? கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கம்மல். ஆனால் அகலமாக, அவசரமே இல்லாமல், அந்த அறையின் தரையெல்லாம் பரவுகிற குரல். இறங்க இறங்க அது கனத்துக்கொண்டே போனது. கடைசி சுரத்தில் அவள் தன் கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். அதிர்வதை முதல் தடவையாகத் தொட்டுப் பார்க்கிறாள் போலும்.

இசையமைப்பாளர் மேசைமேல் தலையைக் கவிழ்த்திருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"மேல போனவ இறங்கியே வரமாட்டேங்கிறா" என்றாள் என் தங்கை. "அப்படி என்னதான் இருக்கு அங்க?"

"வெளிச்சமா இருக்குடி. இத்தனை வருஷத்துல நீ ஒரு வார்த்தை சொல்லலையே."

"கீழ இவ்வளவு கதகதப்பா இருக்கும்னு நீ மட்டும் சொன்னியா?" கை இன்னும் நெஞ்சின்மேல்தான் இருந்தது.

ஸ்பீக்கர் கரகரத்தது. "இது நல்லா இருக்கு" என்றார் காது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருந்தாலும் பாதுகாப்புக்கு இன்னொன்னு எடுத்துக்கலாம். கீழ்வீடு கொஞ்சம் மைக் பக்கம் வாங்க."

நான் நகரவில்லை. என் தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கம்பளத்தில் நாங்கள் இடம் மாறி நின்றுகொண்டோம்.